பன்னிரண்டு கட்டிலும் ஒரு மிச்ச அடியும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அந்தப் பொய்யை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் நீங்கள் என்னை நம்பினால் அது உங்கள் பாடு.

என் தொழில் இரங்கலுரை எழுதுவது. காவ்சியுங் துறைமுகத்தில், சீஜின் தீவுக்குப் படகு புறப்படும் துறைக்கு எதிர்ச்சந்தில், சவப்பெட்டிக் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். செத்தவர் பெயர், வயது, பார்த்த வேலை, எத்தனை பிள்ளைகள், என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலைக்குள் குடும்பமே தேம்பி அழும்படி இரண்டு பக்கம் தயாராகிவிடும். யோக்கியர், அயோக்கியர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் என் தாளில் உத்தமர்களாகத்தான் மண்ணுக்குள் போயிருக்கிறார்கள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் 'பன்னிரண்டு கட்டில்' கும்பலைச் சேர்ந்த ஒருவன் இறந்துபோனான். அவனுடைய உரையில், கும்பலைத் தொடங்கிய ஆ-சுன்னைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன்: "தந்தை பிரம்பெடுத்து மகனின் சவப்பெட்டியை மூன்று முறை அடித்தார். மூன்றாவது அடியில் மகன் விடுதலை பெற்றான். அந்த ஓசையில் நாம் பிறந்தோம்."

நல்ல வரிகள்தான். இன்று படித்தாலும் எனக்கே மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்தத் தந்தை அடித்தது இரண்டு முறை.

[வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றவர்கள் உயிரோடிருக்கையில் பிள்ளை செத்துப்போவது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றாமல் ஓடிப்போனவன் அவன். பாதாளத்தில் யமனுடைய பத்து மன்றங்களிலும் இதற்குத் தண்டனை உண்டு. அதனால் பெற்றவரே முந்திக்கொண்டு பிரம்பால் பெட்டியை அடித்துவிடுவார். 'நாங்களே தண்டித்துவிட்டோம், நீங்கள் விட்டுவிடுங்கள்' என்று யமனுக்கு அனுப்பும் சேதி அது. எங்கள் தெருவில் மூன்று அடி. முதலாவது தாய்க்கு, இரண்டாவது தந்தைக்கு. மூன்றாவதை அடிக்கும்போது "போ, உன்மேல் குறையில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளையை அனுப்பிவைக்கிற அடி அதுதான். பெற்றவர் கையால் விழ வேண்டும். வேறு யார் அடித்தாலும் அது வெறும் சத்தம்.]

2

தொடக்கத்தை நாலைந்து முறை எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டதில் இரண்டைக் காட்டுகிறேன், என் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும்.

முதல் தொடக்கம்: "மழை கொட்டிய ஓர் இரவில் பன்னிரண்டு இளைஞர்கள் விரலைக் கீறி, ரத்தத்தை ஒரே கிண்ணத்தில் சொட்டவிட்டு—"

ரத்தமும் இல்லை, சத்தியமும் இல்லை. அவர்கள் ஒரே கிண்ணத்தில் பகிர்ந்துகொண்டது மீன் பந்து சூப். அதுவும் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது என்பதால்.

இரண்டாவது தொடக்கம்: "எதிரியின் கத்தி ஆ-சுன்னின் விலாவில் இறங்கியபோது அவனுக்கு வயது பத்தொன்பது. நடைபாதை வியாபாரிகளைக் காப்பாற்ற அவன்—"

கத்தியும் இல்லை. உடைப்பதற்காகக் கரையேற்றியிருந்த ஒரு பழைய சரக்குக் கப்பலில் பித்தளை வால்வு திருடப் போனான். கால் தவறிச் சரக்கறைக்குள் விழுந்தான். நாலு ஆள் உயரம். கத்தியைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். நானும் ஒரு விழாமலரில் அதைச் சாணை பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நடந்ததை எழுதினால் இவ்வளவுதான் வருகிறது. ஆ-சுன்னின் அப்பா ஹோங் தியாம்-ஹோக், கப்பல் உடைக்கும் தளத்தில் இரும்பு வெட்டுகிறவர். மனைவி போன பிறகு பிள்ளையைத் தனியாக வளர்த்தார். 'அடியாத மாடு படியாது' என்பதைத் தவிரப் பிள்ளை வளர்ப்பில் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. பதினைந்து வயதில் ஆ-சுன் வீட்டை விட்டு ஓடினான். ஓடினான் என்றால் நாலு தெரு தள்ளி. பழைய கப்பல் சாமான் விற்கிற ஒருவரின் கொட்டகையில், மாலுமிகள் படுக்கிற இரும்புக் கட்டில்கள் பன்னிரண்டு விலைபோகாமல் கிடந்தன. கால் வளைந்தவை. இராக்காவலுக்கு ஆள் கிடைத்தது என்று கடைக்காரர் அவனைப் படுக்க விட்டார்.

ஒரு மாதத்தில் பன்னிரண்டு கட்டிலும் நிரம்பிவிட்டன. நிரப்பியவர்கள் எல்லாம் அப்பன் கைக்குத் தப்பி வந்த பையன்கள். ஒருவனுக்குக் காது கேட்காது, ஒருவனுக்கு முதுகெல்லாம் பெல்ட் தழும்பு. ஆ-சுன் அங்கே ஒரே ஒரு சட்டம் போட்டான்: தூங்குகிறவனை அடிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியும் வைத்தான்.

கும்பல் பிறந்தது இப்படித்தான். எனக்குப் பிடித்த பகுதி இது. இதோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

3

நிறுத்த முடியாது. பையன்கள் வளர்ந்தார்கள். முதலில் கொட்டகைக்குக் காவல், பிறகு தெருவுக்குக் காவல், பிறகு காவல் கேட்காதவர்களுக்கும் காவல். காவல் பணம் தர மறுத்த ஒரு நூடுல்ஸ் கடைக்காரரின் முழங்காலை இரும்புக் குழாயால் உடைத்தார்கள். அவர் இன்றும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். [இந்த வாக்கியத்தை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறார்கள். எடுக்கவில்லை.] படகுத்துறையில் அவர்கள் ஏறினால் சனங்கள் அடுத்த படகுக்கு நின்றார்கள்.

முப்பத்தேழு வருடம் போனால் எல்லாவற்றுக்கும் ஒரு மெருகு வந்துவிடுகிறது. இப்போது இந்த நகரத்தில் மூன்று தட்டு தட்டாதவர் குறைவு. பாட்டுக் கூடத்தில் முதல் குவளைக்கு முன் மேசையை மூன்று தட்டு. பேஸ்பால் ஆட்டத்தில் நம் ஆள் மட்டையைப் பிடித்து நின்றால் இருக்கையை மூன்று தட்டு. பரீட்சைத் தாள் கைக்கு வந்ததும் பள்ளிப் பிள்ளைகள் மேசையில் மூன்று தட்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக் கதவை மூன்று தட்டு. வளைந்த கட்டில்கால் படம் போட்ட பனியனை அதிகாலை நடைக்குப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள்கூடப் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால் 'நல்ல சகுனம்' என்பார்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் சவப்பெட்டியை அடித்த சத்தம் அது என்று தெரிந்தவர்கள் சிலர். தெரிந்தவர்களும் தட்டுவார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அப்பன் அடிக்குப் பயந்து ஓடி வந்த பையன்கள், தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டது ஒரு அப்பனின் அடியை. இதைப் பற்றி இங்கே ஒரு பக்கம் கட்டுரை மாதிரி எழுதினேன். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியை எல்லாம் இழுத்துவைத்து, மனித மனத்தின்— வேண்டாம். அடித்துவிட்டேன். அடிபட்டவன் சொன்னால் கேட்கலாம். அடிபடாதவன் விளக்கம் சொல்லக் கூடாது.

4

இந்த வருடம் நகரத்துப் பண்பாட்டு மன்றம் ஒன்று 'தெருவும் அதன் ஓசைகளும்' என்று கண்காட்சி வைக்கிறது. பன்னிரண்டு கட்டிலுக்குத் தனி அறை. அதற்கான சிறு வரலாற்று நூலை எழுதச் சொல்லி என்னிடம் வந்தவர் லியாவ் குவோ-டோங். கும்பலின் இன்றைய தலைவர். கும்பல் என்று இப்போது சொல்ல முடியாது. கடலம்மன் கோவில் கமிட்டித் தலைவர், லாரிக் கம்பெனி முதலாளி, தங்க ஃபிரேம் கண்ணாடி. அன்று ஆ-சுன்னுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர், அவன் வயதுக்காரர்.

"உள்ளதை எழுதுங்க வாத்தியாரே," என்றார். "ஆனா பாத்து எழுதுங்க."

எழுதிக்கொடுத்தேன். மூன்று அடியோடுதான். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பிரதி எப்படியோ ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு பிற்பகல் என் மாடிப்படியில் யாரோ நிறுத்தி நிறுத்தி ஏறுகிற சத்தம். கதவைத் திறந்தால், கையில் ஒரு தட்டு. தள்ளுவண்டித் தக்காளி, துண்டுபோட்டு, இஞ்சி தட்டிப் போட்ட சோயாச் சாற்றோடு. தட்டுக்குப் பின்னால் எழுபத்தெட்டு வயது தியாம்-ஹோக். புறங்கையெல்லாம் இரும்புத் தீப்பொறி பட்ட வெள்ளைப் புள்ளிகள்.

"நீதானே அந்த மூணாவது அடியை எழுதினவன்?"

"ஆமாங்கய்யா. உக்காருங்க."

"உக்காரத்தான் வந்தேன். முட்டி ரெண்டும் போச்சு. மாடியில கடைய வச்சிருக்கியே, உன்கிட்ட வர்றவனெல்லாம் பறந்து வருவான்னு நெனச்சியா?"

"செத்தவங்க வீட்டுக்காரங்க வருவாங்க. ஏறிடுவாங்க."

"நானும் அந்த ரகம்தான். தக்காளி எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன். அவர் சாப்பிடவில்லை.

"ரெண்டுதான் அடிச்சேன்," என்றார். "மூணாவதுக்குக் கைய ஓங்கினேன். ஓங்கின கை அப்படியே நின்னுபோச்சு. அவன் உசுரோட இருந்தப்ப ஓங்கின கை ஒருநாளும் நின்னதில்ல. அன்னிக்கு நின்னுச்சு. 'போ, உன்மேல குறையில்ல'ன்னு சொல்லணுமில்ல? வாய் வரல. அதுக்குள்ள அந்த குவோ-டோங் பய வந்து பிரம்பைப் பிடுங்கி, டொம்முனு ஒண்ணு போட்டான். எல்லாவனும் கத்தினான். சடங்கு முடிஞ்சுதுன்னு பெட்டியத் தூக்கிட்டாங்க."

"நீங்க அப்பவே சொல்லலியா?"

"யார்கிட்ட? கும்பல்ல வந்து நின்ன எறநூறு கருப்புச் சட்டைக்காரன்கிட்டயா?" தட்டை என் பக்கம் தள்ளினார். "சொல்லல. எனக்கும் அப்ப அது முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

அவர் வந்த காரியம் வேறு. குன்றிலிருக்கும் மயானத்தை நகரம் காலி செய்கிறது. கல்லறைதோறும் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். எலும்பை எடுத்துக் குடத்தில் வைத்து நினைவு மண்டபத்துக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் ஆறேழு வருடத்தில் செய்துவிடுகிற காரியம். இவர் முப்பத்தேழு வருடமாகத் தள்ளிப்போட்டவர். இனித் தள்ள முடியாது. ஒன்பதாம் தேதி காலை என்று நாள் குறித்தாகிவிட்டது.

"பொட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடி மிச்சத்த அடிச்சிடலாம்னு இருக்கேன்," என்றார். "முப்பத்தேழு வருஷமா எந்த மன்றத்துல நிக்கிறானோ! அப்பன் அனுப்பிவைக்காத பிள்ளை. ஆனா நீ புஸ்தகத்துல மூணுன்னு போட்டுட்டா நான் அடிக்கிறது நாலாவதாயிடும். செத்து எலும்பான பிள்ளையையும் விடாம அடிச்சான்னு ஊரு பேசும். ரெண்டுன்னு எழுதிடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

'யோசிக்கிறேன்' என்றேன். எழுத்தாளன் யோசிக்கிறேன் என்றால் பயப்படுகிறான் என்று அர்த்தம்.

[இந்த இடத்தில் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது, மறைக்கவில்லை. கை நின்றது என்பதற்கு இவர் வாயைத் தவிர சாட்சி இல்லை. மனதறிய அடித்துவிட்டு, வயதான காலத்தில் தன்னை நல்லவனாக்கிக்கொள்ள அந்த மூன்றாவதை அடுத்தவன் தலையில் கட்டுகிறாரா? கதாபாத்திரங்கள் அப்படிச் செய்வார்கள். என்னிடம் வரும் குடும்பங்கள் தினமும் செய்கின்றன.]

5

எனவே குவோ-டோங்கிடம் போனேன். லாரிகள் நிற்கும் முற்றத்தைத் தாண்டி, தேநீர் மேசை போட்ட அறை. அவரே இலையைக் கழுவி, ஊற்றி, சின்னக் குவளையை என் பக்கம் நகர்த்தினார். நான் பழக்கதோஷத்தில் மேசையை மூன்று தட்டினேன். அவர் தட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் தட்டாத ஒரே ஆளை எதிரில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவர் சொன்னது சரிதான். மூணாவது என் கை."

"ஏன்ணே?"

"அடிக்கப் போகல வாத்தியாரே, பிடுங்கி எறியப் போனேன். கட்டில் சட்டம் தெரியுமில்ல? தூங்குறவனை அடிக்கக் கூடாது. அவன் தூங்கிட்டிருக்கான். அவன் போட்ட சட்டம், அவனையே அடிக்கிறாரு. ஒண்ணு பொறுத்தேன், ரெண்டு பொறுத்தேன். மூணாவதுக்குக் கையத் தூக்கினாரு, எனக்கு எங்கப்பன் கை மாதிரியே தெரிஞ்சுது. பாஞ்சு போய்ப் பிடுங்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் திரும்பிப் பாத்தேன். எறநூறு பேரு நிக்கிறான். பூசாரி வாயைத் தொறந்தபடி நிக்கிறாரு. பெத்தவன் கையிலேர்ந்து பிரம்பைப் பிடுங்கினவன், சடங்கைக் கெடுத்தவன்னு ஆயிடுமே! பத்தொம்பது வயசு எனக்கு. என்ன பண்றதுன்னு தெரியல. கை தானா எறங்கிடுச்சு. எல்லாரும் 'தலைவா'ன்னு கத்தினான். அன்னிக்குத் தலைவனானேன்."

முற்றத்தில் ஏதோ லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது நின்றது.

நான்தான் சொன்னேன். "அண்ணே, அவர் கை அடிக்க ஓங்கின கை இல்லையாம். நின்னுபோன கையாம். அவரால முடியலையாம்."

"என்ன?"

"மூணாவது அடிக்க முடியாம நின்னிருக்காரு. நீங்க அடிக்கப் போறாருன்னு நெனச்சிட்டீங்க."

குவோ-டோங்கின் முகத்தை எழுத மூன்று தாள் கிழித்தேன். 'இடிந்துபோனார்' என்று எழுதினால் அது எல்லா இரங்கலுரையிலும் வருகிற சொல். உள்ளதைச் சொல்கிறேன். அவர் காலிக் குவளையில் மறுபடி மறுபடி வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அது வழிந்து அவர் கால்சட்டையை நனைத்தது. அடியாட்களை வைத்து ஒரு ஊரை ஆட்டிவைத்த மனிதர். எனக்கு அவர்மேல் இருந்த பழைய வெறுப்பெல்லாம் அந்த ஒரு நிமிடம் எங்கோ போய்விட்டது. மறுநாள் நூடுல்ஸ் கடைக்காரர் விந்திப் போவதைப் பார்த்ததும் திரும்பி வந்தது.

"புஸ்தகத்துல மூணுன்னே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "ஊரே தட்டுதய்யா. சின்னப் புள்ளைங்க தட்டுது. நீங்க தட்டுறது ஒருத்தன் பதட்டத்துல பண்ணின தப்புன்னு எப்படிச் சொல்றது?"

6

ஒன்பதாம் தேதி.

குன்றில் பாதிக்கு மேல் கல்லறைகள் ஏற்கனவே திறந்து கிடந்தன. தியாம்-ஹோக் புதிதாக வெட்டிய மூங்கில் பிரம்போடு உட்கார்ந்திருந்தார். நான் இருந்தேன். குவோ-டோங் தனியாக வந்தார், கருப்புச் சட்டைக்காரர் ஒருவரும் இல்லாமல். அவரைக் கண்டதும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகச் சொல்லவில்லை.

எலும்பெடுக்க வந்தவள் ஷியே அக்கா. ஐம்பது வயதிருக்கும். வாயில் பாக்கு, கையில் ரப்பர் உறை. ஊதுவத்தி கொளுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனை எழுப்புகிற குரலில், "ஆ-சுன், எந்திரிப்பா. வீடு மாத்தறோம்," என்றாள். பிறகு கருப்புக் குடையைக் குவோ-டோங்கிடம் நீட்டினாள். "எலும்பு மேல வெயில் படக்கூடாது. அசைக்காமப் புடிக்கணும். கை வலிக்குதுன்னு மாத்தக் கூடாது, தெரிஞ்சுதா?" அவர் யாரென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அதட்டினாள்.

மண்ணை எடுத்தார்கள். பெரியவர் எழுந்து பிரம்பைப் பிடித்து நின்றார். ஷியே அக்கா குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, பொட்டி இல்ல. முப்பத்தேழு வருஷமாச்சே, பலகையெல்லாம் மண்ணாயிடுச்சு. புள்ளைதான் இருக்கான்."

இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. ஆறு வருடத்தில் திறந்தவர்களுக்குப் பெட்டி இருக்கும். முப்பத்தேழு வருடம் தள்ளிப்போட்டவருக்கு அடிக்க மரம் இல்லை. அடித்தால் பிள்ளை மேல்தான் விழும்.

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். "நீ எடும்மா," என்றார்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் தாளின் மேல் வைத்தாள். குடத்துக்குள் ஆள் உட்கார்ந்திருக்கும் வாக்கில் அடுக்க வேண்டும். பாதம் முதலில், பிறகு கால், இடுப்பு என்று மேலே வரும். கைக்கு வந்தபோது ஒன்றைத் தூக்கிக் குடை நிழலிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இடது கை சின்ன வயசுல ஒடஞ்சிருக்கே. இங்க பாருங்க, முடிச்சு விழுந்து கோணலாக் கூடியிருக்கு. கட்டுப் போடலையா?"

"அவன் கை ஒடஞ்சதே இல்லையே," என்றார் பெரியவர்.

"ஒடஞ்சிருக்குங்கய்யா. முப்பது வருஷமா இதான் எனக்கு வேல. பத்துப் பன்னெண்டு வயசிருக்கும். தானாக் கூடியிருக்கு."

"மரத்துலேர்ந்து விழுந்திருப்பானோ?"

அவள் எலும்பை மெல்லத் தாளின் மேல் வைத்தாள். முன்கையின் நடுவில் குறுக்கே விழுந்த முறிவு எதனால் வரும் என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது. தலைக்குமேல் கையை வைத்துத் தடுக்கிறவனுக்கு அங்கேதான் விழும். குவோ-டோங் தன் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

பெரியவர் ரொம்ப நேரம் அந்த எலும்பையே பார்த்தார். பிறகு பேசினார். எங்களிடம் பேசிய மாதிரி இல்லை.

"பதினோரு வயசுல... கிண்ணத்தக் கையில எடுத்துச் சாப்பிட மாட்டான். மேசையில வச்சுட்டுக் குனிஞ்சு குனிஞ்சு சாப்பிடுவான். நாயாடா நீ, மனுஷன் மாதிரி கிண்ணத்தத் தூக்கிச் சாப்பிடுறான்னு சொன்னேன். தூக்கல. திமிருன்னு நெனச்சேன். அதுக்கும் அடிச்சேன். ரெண்டு மாசம். தினம். தூக்க முடியலப்பான்னு ஒரு வார்த்த அவன் சொல்லலியே."

ஷியே அக்கா பாக்கைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

குவோ-டோங்தான் முதலில் பேசினார். குடையை அசைக்காமல், "அப்பா, அந்த மிச்சத்த என்மேல போடுங்க. அன்னிக்கு நான்தான் கெடுத்தேன்," என்றார்.

பெரியவர் அன்று அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "உங்கப்பன் அடிச்சது பத்தாதாடா உனக்கு?" என்றார்.

7

இதற்குமேல் முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

அவர் பிரம்பை ஓங்கி, குடத்தின் விளிம்பில் இலையால் தொடுவதுபோல் தொட்டு, "போ, உன்மேல் குறையில்லை" என்கிறார். காற்று வீசுகிறது. [காற்றை அடித்துவிட்டேன். பிறகு முழுவதையும் அடித்தேன். இரங்கலுரைக்குச் சரி. பதினோரு வயதுப் பையன் மேசையில் குனிந்து சாப்பிடுகிறான், இவர் 'உன்மேல் குறையில்லை' என்பதா?]

அவர் பிரம்பை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து எறிகிறார். [முட்டி ரெண்டும் போனவர். மூங்கில் அவ்வளவு சுலபமாக உடையாது. மேலும் எறிந்தால் பையன் யமன் வாசலிலேயே நிற்பான். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாமலிருக்கலாம். அவருக்கு இருக்கிறது.]

அவர் தன் இடது கையைக் குழிமேல் நீட்டிக்கொண்டு, மூன்றாவதை மகனே வந்து அடிக்கட்டும் என்று— [இதை எழுதும்போது நான் அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.]

நடந்தது வேறு. எலும்புகள் எல்லாம் குடத்தில் அமர்ந்துவிட்டன. மேலே மண்டை ஓடு, குடை நிழலில். ஷியே அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணே கால் வரைக்கும்தான் நல்ல நேரம். அதுக்குள்ள மூடணும். செய்யறதா இருந்தா இப்பவே செஞ்சிடுங்கய்யா."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். புத்தகத்தில் எத்தனை என்று கேட்பார் என நினைத்தேன். அதை அவர் மறந்தேபோயிருந்தார்.

"வாத்தியாரே, அடிச்சா அந்தக் கைமேல இன்னொரு அடி. அடிக்கலேன்னா அவன் போகாம நிப்பான். குறையில்லன்னு சொல்றதுக்கு நான் யாரு? சொல்லாம விட்டா அவன் எங்க போவான்? ஊருல செத்தவனுக்கெல்லாம் எழுதினவனாச்சே நீ. சொல்லு. என்ன பண்ணட்டும்?"

நான் ஒரு பதில் சொன்னேன். அது என்ன என்று எழுதப் போவதில்லை. அவர் சார்பாக ஒருமுறை ஒரு வரி எழுதினேன், அதை இந்த ஊர் பத்தொன்பது வருடமாக மேசையில் தட்டிக்கொண்டிருக்கிறது. என் சொல்லை நம்பி இன்னொரு காரியம் அங்கே நடந்தது என்று நீங்கள் படித்து, தலையாட்டி, பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. நூல் எழுதும் வேலையைக் குவோ-டோங்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அச்சில் இரண்டா மூன்றா என்பதும் இனி என் கையில் இல்லை.

ஆகவே நான் என் இடத்திலிருந்து விலகிக்கொள்கிறேன். கொஞ்சம் முன்னால் வாருங்கள். மண் சறுக்கும், பார்த்து. குவோ-டோங்கின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, குடை அதிக நேரம் நிற்காது. ஷியே அக்கா மூடியைக் கையில் எடுத்துவிட்டாள். மணி பதினொன்றைத் தாண்டிப் பத்து நிமிடம். தியாம்-ஹோக் கேட்டதையே மறுபடியும் கேட்கிறார், இந்தமுறை உங்களைப் பார்த்து.